சார்ஜன்ட் பார்த்த படம்

உரிய மதிப்புக் கிடைக்காமல் போன படங்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் என் காது அங்கேயே போய்விடும். அலுவலகத்தில் பகல் சாப்பாட்டு நேரங்களில் அந்தப் பேச்சு அடிக்கடி வரும். சண்டைப் படங்களைக் கிண்டலடித்து எடுத்த படங்களில் எது பேசப்படாமலே போனது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், கைபேசியில் துண்டுக் காட்சிகளைத் தேடியெடுத்து நீட்டுவார்கள், சோற்றுப் பருக்கை தெறிக்கச் சிரிப்பார்கள். நான் பார்சலைப் பிரித்தபடி தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன். என்னிடமும் ஒரு படம் இருக்கிறது. எந்தக் கைபேசியில் தேடினாலும் கிடைக்காது. அதைக் கடைசியாகப் பார்த்தவர் ஒரு பொலிஸ் சார்ஜன்ட். அவரும் முழுதாகப் பார்க்கவில்லை.

படத்தின் பெயர் ‘துப்பாக்கித் துரை’. எடுத்தவர் என் சின்ன மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. மாத்தளை டவுனில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துக்கொடுக்கும் கடையொன்றில் அவருக்கு வேலை. இரத்தோட்டைக்கு மேலே, தேயிலை இறங்கி வந்து களைத்து, மிளகுக்கும் கொக்கோவுக்கும் இடம்விட்டு ஒதுங்கும் சரிவில் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள். கல்யாணமில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக் கெமரா மாமாவின் தோளேறி எங்கள் மலைக்கு வரும். லயத்துப் பையன்கள் வேலை வெட்டியை மறந்து அதன் பின்னால் ஓடுவார்கள்.

வந்த சண்டைப் படம் ஒன்றையும் மாமா விட்டதில்லை. எதை உயிராக நேசித்தாரோ அதைத்தான் நக்கல் பண்ணினார். கதாநாயகன் எங்கள் பஸ் கொண்டக்டர். சேர்ட் பொத்தான்களை மீறி நிற்கும் தொந்தி. சுற்றி நின்று எல்லோரும் சுடுவார்கள், ஒரு குண்டும் படாது, அவர் நடுவில் நின்று டிக்கட் கிழித்துக்கொண்டிருப்பார். துப்பாக்கிகள் கித்துள் மரத்து மட்டையில் செதுக்கிச் சப்பாத்து பொலிஷ் பூசியவை. கைக்குண்டு, கறுப்படித்த கொக்கோக் காய். எதிரி எறிந்த குண்டைக் கதாநாயகன் பாய்ந்து பிடித்து, கல்லில் அடித்து உடைத்து, உள்ளிருக்கும் வெள்ளைச் சதையை உறிஞ்சியபடி நடந்துபோவார். சுடுகிற சத்தம் முழுக்க மாமாவின் வாய். காட்சிகளை ஒட்டிச் சேர்க்கும்போது கடையிலிருந்த இயந்திரத்துக்குத் தெரிந்தது கல்யாண வித்தை மட்டும். ஆகவே அடியாள் சுடப்பட்டால் திரை இதய வடிவில் சுருங்கும். இரத்தம் வரவேண்டிய இடத்தில் ரோஜா இதழ் கொட்டும். குண்டு வெடித்தால் இரண்டு புறா பறக்கும். இதைவிடச் சிறந்த படத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

அம்மாவுக்கு அது படமாகவே தெரியவில்லை. வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் மலைக்கு அது குண்டாக வரவில்லை, பயமாக வந்தது. டவுனுக்குப் புறப்படும் வாலிபப் பையன்கள் வாசலில் நின்று அடையாள அட்டையைத் தடவிப் பார்ப்பார்கள், பஸ் ஏறும்போது இன்னொரு தரம் தடவிப் பார்ப்பார்கள். யாராவது ஒருவன் திரும்பி வரப் பிந்தினால் லயம் முழுவதும் குரல் தாழ்ந்துவிடும். அப்படிப்பட்ட காலத்தில்தான் மாமா மலையில் துப்பாக்கிகளோடு பையன்களை ஓடவிட்டார்.

“மரத்துல செஞ்சதுன்னு தூரத்துல நிக்கிறவனுக்கு எப்படிடா தெரியும்?” என்பாள் அம்மா.

“கிட்ட வந்து பார்த்தா சிரிச்சிருவாங்கக்கா.”

“கிட்ட வர்ற வரைக்கும் பொறுப்பாங்களா?”

மாமா உடனே கெமராக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். லயத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் டிவியும் டெக்கும் இருந்தன. படம் ஓடும் நாளில் காம்பராவில் காலூன்ற இடமிருக்காது. அம்மா மட்டும் குசினியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய சட்டியைத் திரும்பக் கழுவிக்கொண்டிருப்பாள்.

பிழை கசட்டில் நடந்தது. கல்யாணத்தை எடுத்து முடித்தால் கசட்டின் வாலில் எப்போதும் கொஞ்சம் வெறும் நாடா மிஞ்சும். அதை வீணாக்குவது அந்தத் தொழிலில் வழக்கமில்லை. மாமா தன் படத்துக்கான துண்டுகளை அப்படிப்பட்ட வால்களில்தான் எடுத்துவந்தார். தேவை முடிந்ததும் அழித்துவிடுவார். நாலந்தாப் பக்கத்துச் சிங்களக் கல்யாணமொன்றின் வாலை அழிக்க மறந்துபோனார். கல்யாண வீட்டுக்குப் பிரதி எடுத்தபோது வாலும் சேர்ந்து போய்விட்டது.

அவர்கள் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மணமேடை, கேக் வெட்டு, பெண்ணை வழியனுப்பும்போது தாய் அழுவது. எல்லாம் முடிந்து திரை ஒரு தரம் நடுங்கியது. அடுத்த கணம், முகத்தில் துணி கட்டிய பையன்கள் துப்பாக்கியோடு மிளகுக் கொடிகளுக்கிடையில் குனிந்து ஓடுகிறார்கள். இதயம் இல்லை, ரோஜா இல்லை, புறா இல்லை. மாமாவின் வாய்ச் சத்தம்கூட இன்னும் சேர்க்கப்படவில்லை. “இந்தப் பக்கம்! இந்தப் பக்கம் வாங்கடா!” என்று தமிழில் ஒரு குரல் மட்டும். வேடிக்கையெல்லாம் பிறகு ஒட்டவேண்டியது. ஒட்டுமுன் அந்தப் படம் வேடிக்கையாக இல்லை. கல்யாண வீட்டார் பயந்ததில் குற்றமில்லை. பொலிசுக்குப் போனார்கள்.

ஒரு பின்னேரம், நான் பாடசாலைச் சீருடையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை, லயத்துக்கு ஜீப் ஏறி வந்தது. முன்னாலிருந்து நரைத்த மீசையோடு ஒரு சார்ஜன்ட் இறங்கினார். பின்னாலிருந்து ஓர் இளம் கொன்ஸ்டபிளும் மாமாவும். மாமாவின் கைகளை யாரும் கட்டியிருக்கவில்லை. ஆனாலும் கட்டியதுபோலவே அவற்றை முன்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். லயத்தில் கதவுகள் வரிசையாக மூடிக்கொண்டன. அப்பா கொழுந்து ஸ்டோரில் வேலையில் இருந்தார். அம்மா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

சார்ஜன்ட் எங்கள் வீட்டுக்குள் குனிந்து நுழைந்தார். மாத்தளைப் பக்கம் பல வருடம் வேலை செய்தவராக இருக்கவேண்டும். கொஞ்சம் தமிழ் வைத்திருந்தார். அம்மாவைத் தங்கச்சி என்பதற்குச் சிங்களத்தில் சொல்வதுபோல் நங்கி என்று கூப்பிட்டார்.

“நங்கி, இவன் சொல்றான், இது சிரிக்கிற படம். சரி. நாங்களும் பாக்கிறது. சிரிப்பு வந்தா இவன் வீட்டுல. வராட்டி எங்களோட.”

அவர் விளையாட்டாகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கொன்ஸ்டபிள் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டான். அவன் தோளிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தேன். மெய்யான துப்பாக்கியை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தரம். மாமாவுடையவை இன்னும் நன்றாக மினுங்கும் என்று எனக்குத் தோன்றியது.

மாமாவின் படக் கசட்டைப் போட்டது நான்தான். சார்ஜன்ட் எங்கள் ஒரே கதிரையில் உட்கார்ந்தார். படம் ஓடத் தொடங்கியது, நான் திரையைப் பார்க்கவில்லை, அந்த நரைத்த மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிக்கட் கிழிக்கும் இடம் வந்தது. மீசை அசையவில்லை. திரை இதயமாகச் சுருங்கியது. மீசை அசையவில்லை. கொக்கோக் காயை உறிஞ்சும் இடத்தில் கொன்ஸ்டபிளுக்கு மூக்கால் ஒரு சிரிப்பு வந்து, சார்ஜன்டின் பிடரியைப் பார்த்ததும் இருமலாக மாறிவிட்டது.

“அது என்ன குண்டு?”

“கொக்கோ... கொக்கோக் காய், சேர்.”

மாமாவின் குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை வீட்டையும் பெண் வீட்டையும் சிங்களத்தில் பேசியே மடக்கி வரிசையில் நிறுத்துகிற மனிதர் அவர்.

வில்லன் வந்தான். மலையுச்சியில், முகமூடி அணிந்த ஆட்கள் புடைசூழ, துப்பாக்கியை நேரே எங்களை நோக்கி நீட்டி, “இந்த மலையில இனிமே என் சட்டம்தான்டா!” என்று முழங்கினான். அடுத்த நொடி அவனுடைய சாரம் அவிழ்ந்து விழவேண்டும். லயமே குலுங்குகிற இடம் அது. அந்த அடுத்த நொடிக்கு முன் கரண்ட் போய்விட்டது.

திரை ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி, அதுவும் அணைந்தது. அந்த வருடங்களில் கரண்ட் அப்படித்தான் போகும். எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. வெளியே மழை வரப்போகிற காற்று மிளகுக் கொடிகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. சார்ஜன்ட் மணிக்கூட்டைப் பார்த்தார். எழுந்தார்.

“சரி மல்லி, போவோம்.”

தம்பி என்று மாமாவைத்தான் கூப்பிட்டார். மாமா திரும்பவும் கைகளை முன்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. சாரம் விழுவதைச் சார்ஜன்ட் பார்க்காமலே போகிறாரே என்ற ஆற்றாமை எனக்கு.

“சேர், மிச்சம் இருக்கு. உட்காருங்க. நான் காட்டுறேன்.”

அம்மா பேசினாள். சார்ஜன்டுக்கு ஊற்றிக் கொண்டுவந்த தேத்தண்ணித் தட்டை டிவியின் மேல் வைத்தாள். இடுப்புச் சாக்கை அவிழ்த்து முகத்தில் முகமூடியாகக் கட்டினாள். குசினிக்குப் போய் அகப்பையோடு வந்தாள். சார்ஜன்ட் உட்காரவில்லை; போகவுமில்லை.

அகப்பையை அவருடைய நெஞ்சுக்கு நேராக நீட்டி, “இந்த மலையில இனிமே என் சட்டம்தான்டா!” என்று அம்மா முழங்கினாள். கொன்ஸ்டபிள் நிமிர்ந்து நின்றான். அடுத்த நொடி அவள் கீழே பார்த்தாள், பதறினாள், இல்லாத சாரத்தை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு, அகப்பையைப் பல்லில் கவ்வியபடி சட்டத்தைத் தொடர்ந்து பிரகடனம் செய்தாள். சந்தையில் மிளகாயும் கருவாடும் வாங்கப் பழகிய சிங்களம்தான் அவளிடம் இருந்தது. அந்தச் சிங்களத்தில் வில்லன் பேசினான். தமிழில் அடியாட்கள் பேசினார்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு கொண்டக்டர் வந்தார், குண்டு மழைக்கு நடுவில் வில்லனிடம் “டிக்கட், டிக்கட்” என்று கேட்டார். வில்லனிடம் டிக்கட் இல்லை. அதற்காகச் சுடப்பட்டான். சுட்ட சத்தத்தையும் அம்மாவே கொடுத்தாள்.

எங்கே பார்த்தாள் இதையெல்லாம்? ஒரு சொல் தப்பவில்லை.

வில்லன் விழுந்தான். செத்தான். எழுந்து தன் தாயைப் பற்றி உருக்கமாக ஒரு வசனம் பேசிவிட்டுத் திரும்பச் செத்தான். எழுந்து மிச்சக் காசைக் கேட்டான். செத்தான். எழுந்து மீசையைச் சீவி, கெமராவுக்கு எந்தப் பக்கம் முகம் நன்றாயிருக்குமென்று யோசித்து, பக்கம் மாறிப் படுத்துச் செத்தான். சாணி மெழுகிய தரையில் அம்மா பொத்தென்று விழுந்து விழுந்து எழுந்தாள். முழங்கையில் தோல் கிழிந்திருந்தது. ஒவ்வொரு தரமும் எழும்போது அவள் பார்த்தது சார்ஜன்டின் வாயை. வில்லன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டுதான் எழவேண்டும். அம்மா பிழையாகச் செய்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

முதலில் கொன்ஸ்டபிள் உடைந்தான். நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். பிறகு அந்த மீசை ஒரு பக்கமாக இழுபட்டது, மறுபக்கமும் இழுபட்டது, சார்ஜன்ட் பொத்தென்று கதிரையில் உட்கார்ந்து தொடையில் அடித்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மோ நங்கி, அவன் சாகவே மாட்டானா?”

ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தார். நாளைக் காலையில் கடை முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்து வாக்குமூலம் எழுதிக் கொடுக்கும்படி மாமாவிடம் சிங்களத்தில் சொன்னார். இனி இந்த விளையாட்டு வேண்டாம், எல்லோரும் தன்னைப்போல் உட்கார்ந்து பார்க்கமாட்டார்கள் என்றும் சொன்னார். கித்துள் மட்டைகளைக் கொன்ஸ்டபிள் விறகுபோலக் கட்டி ஜீப்பில் போட்டான். கரண்ட் வந்ததும் கசட்டை வெளியே எடுத்துக்கொண்டார்கள். படத்தின் ஒரே பிரதி மலையிறங்கிப் போனது. மறுநாள் பகலுக்குள் மாமா திரும்பி வந்துவிட்டார். அதன் பிறகு கல்யாணங்களை மட்டும் எடுத்தார், கடைசி வரை.

ஆனால் நான் நினைத்துக்கொண்டிருப்பது ஜீப் போன அந்தக் கொஞ்ச நேரத்தை. அதன் சத்தம் வளைவுக்கு வளைவு தேய்ந்து, மழைச் சத்தத்தில் கலந்துவிட்டது. அம்மா அப்போதும் தரையில்தான் கிடந்தாள், கடைசியாகச் செத்த இடத்திலேயே, கண்ணை மூடி, அகப்பையை நெஞ்சில் வைத்து. நான் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

“அம்மா, வில்லன் இன்னும் ஒருதரம் எந்திரிக்கணும். நீங்க மறந்துட்டீங்க.”

அவள் எழவில்லை. மாமா வந்து அவள் கால்மாட்டில் உட்கார்ந்தார். சேறு காய்ந்த அந்தப் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்து, அவற்றின் மேல் நெற்றியை வைத்தார். வெகுநேரம் நெற்றியை எடுக்கவில்லை. படத்தில் அப்படியொரு காட்சி கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். புதிதாகச் சேர்க்கிறார்கள் என்று நினைத்தேன். நன்றாக இருந்தது. கைதட்டினேன்.