ஈரச்சாக்குப் போட்ட எஞ்சின்

மண்ணெண்ணெய் தட்டுப்பாடான போகம் ஒன்றில் படுவான்கரைக்கு ஒரு அக்காவின் வயலுக்குத் தண்ணீர் இறைக்கப் போனேன். கணவர் இல்லாதவர், தனியாகச் செய்கை பண்ணினார். சாப்பாடும் படுக்க இடமும் தருவதாகச் சொன்னார். செங்கலடிச் சந்தையில் மூட்டை தூக்கி என் முதுகு விட்டுப்போயிருந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

நெல் குடலையில் நின்றது. கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கிற அந்த நாட்களில் வயல் காய்ந்தால் பிறகு வருவது பதர்தான். ஓடையில் தண்ணீர் கிடந்தது. அதை மேலே ஏற்ற அக்காவிடம் ஒரு பழைய பம்பும் ஒரு கேன் மண்ணெண்ணெயும் இருந்தன. அடுத்த கேன் எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது.

அந்த வட்டையில், அந்த வயல்வெளி முழுக்க, பம்பு வைத்திருந்த எல்லோரும் எஞ்சின் மேல் ஈரச்சாக்குப் போடுவார்கள். வெயிலில் மனிதனுக்குத் தாகம் எடுப்பதுபோல, சூடேறினால் எஞ்சினும் அதிகம் குடிக்கும் என்று நினைத்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் வாழைச்சேனையில் தோணி எஞ்சின்களோடு கொஞ்சக் காலம் கிடந்திருக்கிறேன். மண்ணெண்ணெய் சரியாக எரிவதற்குச் சூடு வேண்டும். எஞ்சின் குளிர்ந்தால் பாதி எரியாமல் புகையாகப் போய்விடும். அக்காவின் பம்பு வெள்ளையாகப் புகைத்துக்கொண்டிருந்தது.

சாக்கை இழுத்துக் கீழே போட்டேன்.

"என்ன மனே செய்றாய்? வெடிச்சிரும்!"

"வெடிக்காதக்கா. அதுக்கென்ன காய்ச்சலா, ஈரத்துணி போட?"

பம்பைக் கரையிலிருந்து ஓடைக்குப் பக்கத்தில் இறக்கி, தண்ணீர் உறிஞ்சும் குழாயைக் குட்டையாக்கினேன். முழு வேகத்தில் அலறிய எஞ்சினைக் கொஞ்சம் தணித்தேன். புகை நின்றது. தண்ணீரும் மெலிந்தது.

"கிழவன் மூத்திரம் பெய்ற மாதிரிப் போகுது. இது எப்ப போய்ச் சேருறது?"

"மெல்லப் போனாலும் கன நேரம் போகுமக்கா. பொறுங்க."

"ஓம், நீ சொல்லுவாய். விதைச்சது நானல்லவா."

மண்வெட்டியோடு வாய்க்காலில் நடந்து, நண்டு துளைத்த இடங்களில் சேறு அப்பினேன். வரப்புக்குள் அடைத்த ஒரு வரவை நிரம்பியதும் வரப்பை வெட்டி அடுத்ததற்குத் திறந்தேன். கால் கனத்தது. எப்போதும் இந்நேரத்துக்குக் கேன் காலியாகிவிடும் என்று அக்கா சொன்னார். அதை அவர் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. தொட்டியில் குச்சியை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசி வரவைக்கு வாய் வெட்டுவதற்குள் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அக்கா கேனைக் கவிழ்த்துப் பிடித்தார். ஒன்றும் வரவில்லை. மற்ற வரவைகளை ஒருமுறை பார்த்தார். அங்கெல்லாம் தண்ணீர் நின்றது.

"மத்ததெல்லாம் தப்பிட்டு. இத காயவிட்டா மாட்டுக்கும் உதவாது. நாளைக்குத் தீனிக்கு அறுப்பம்."

காலையில் தாக்கத்தியோடு இறங்கினோம். அவர் முன்னால் அறுத்துக்கொண்டு போனார். கதிர் வெளிவராத பயிரை நான் பின்னால் கட்டுக் கட்டினேன்.