‘ஐ வில் கம்’ என்று முடிந்த மனு

மேலதிகாரிக்கு எழுதும் மனு “தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்” என்று முடிய வேண்டும். அதற்கு முன் சொந்தமாக விடைபெறும் வாசகம் எதுவும் கூடாது என்பது அலுவலக விதி. ஓய்வு பெறும்வரை நான் காத்த அந்த விதியை என் தம்பி ஒரே ஒரு முறை மீறினார்.

பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தும், நடந்தே பள்ளிக்குச் சென்று படித்து, ஆத்தூரில் தாலுகா குமாஸ்தா ஆனார். யாரையும் கடிந்து பேசியதில்லை. அம்மாவுக்குக் கண் பார்வை போனதும் சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டார். இரண்டு மனுவுக்குப் பதில் இல்லை. மூன்றாவதில், கிளம்பும்போது நாம் சொல்லும் “வாரேனுங்க” என்பதை மரியாதை கருதி அப்படியே இங்கிலீஷாக்கிவிட்டார்: “மூன்றாம் முறை கேட்கிறேன். ஐ வில் கம்.”

இதற்கு மட்டும் வெள்ளைக்கார அதிகாரியின் பதில் உடனே வந்தது. எதற்காக வருவாய், யாரைக் கூட்டி வருவாய், விளக்கம் தருக என்றது. கதர் கட்டியவர்களைப் போலீஸார் பிடித்துச் சென்ற நாள்கள் அவை. தம்பிக்கு விளக்கம் எழுதத் தெரியவில்லை. எல்லா விதியும் அறிந்த எனக்கும்தான்.

மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் ஓடினோம். நகலைப் படித்தவர் சிரிக்கவில்லை.

“எங்கள் ஊரில் அடிக்க வருகிறவன்தான் இப்படிச் சொல்வான். போகிறேன் என்று எழுதுவதுதானே?”

“அது சொல்லக் கூடாதுங்கம்மா. சொன்னாத் திரும்பி வரமாட்டமுங்க.”

பிறகு தம்பி என் பக்கம் திரும்பினார். “வேலை போனாப் போவுதுங்கண்ணா. என்னையப் புடிச்சுட்டுப் போயிட்டா அம்மாளை ஆரு பாப்பா?”

வெள்ளைக்காரர் காதுக்கு உறுத்தாத இங்கிலீஷில் அந்த அம்மையார் விளக்கம் எழுதித் தந்தார், அனுப்பினோம். அதன்பின் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே தம்பி எழுந்து சட்டை மாட்டிக்கொள்வார். பிடிக்க வந்தால் சட்டையோடு போக வேண்டுமாம். இந்த நிலையில் காய்ச்சல் வேறு கண்டது.

“பதில் வந்துதுங்களாண்ணா?”

“வரும் சாமி.”

வந்துவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். ஆதாரமில்லாமல் எதையும் சொல்லிப் பழக்கமில்லை. மறுநாள் காலை கண் மூடினார்.

மருந்தும் மொழியும் தந்த டாக்டரம்மாவுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், இன்றும் அம்மாவைக் கைபிடித்து நடத்தும் தம்பி மனைவிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

விளக்கம் திருப்தி, மாற்றல் அனுமதிக்கப்பட்டது என்ற பதில் வந்து சேர்ந்த நாள்: மாசி பதினாறு, அவருடைய கருமாதியன்று.