முகூர்த்த ரவிக்கையில் விழுந்த நெருப்பு

சின்ன காஞ்சிபுரத்தில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. பட்டுப்புடவைகளுக்கு ரவிக்கை தைப்பதுதான் தொழில். கடை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அதில் இருபத்து மூன்று வருடம் சிகரெட்டும் கூடவே இருந்தது. கடைக்குள் பிடிக்க மாட்டேன். பட்டில் புகை வாடை ஏறிவிட்டால் லேசில் போகாது. அதனால் வாசற்படியில் நின்றுதான் பிடிப்பேன். அதைப் பெரிய ஒழுக்கம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன், மாசி மாத முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். முசரவாக்கத்திலிருந்து ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் முகூர்த்தப் புடவையோடு வந்தார்கள். மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு கரை. ரவிக்கைத் துணி அந்தப் புடவையோடு சேர்த்தே நெய்த அரக்குப் பட்டு. அளவெடுத்துக்கொண்டு, துணியை மட்டும் வெட்டி வாங்கி வைத்தேன். இன்னொரு துணி வேண்டுமென்றால் அதே நிறத்தில் அதே கரையில் கடையில் போய் வாங்க முடியாது. ஒரு புடவைக்கு ஒரு துண்டுதான்.

அரக்கு நிறத்துக்கு லைனிங் பார்ப்பது கொஞ்சம் சிரமம். டியூப்லைட் வெளிச்சம் ஏமாற்றிவிடும். பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். மறுநாள் காலை ஒரு கையில் அந்தப் பட்டையும் இன்னொரு கையில் நாலைந்து லைனிங் துணிகளையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் சிகரெட் உதட்டில் இருந்தது. அப்போது இருமல் வந்தது. அந்தக் காலத்தில் காலையில் எனக்கு இருமல் வருவது பல் விளக்குவது போல ஒரு வழக்கம். இருமின வேகத்தில் சிகரெட்டின் நெருப்பு உதிர்ந்து பட்டின் மேல் விழுந்தது. தட்டிவிட்டேன். முடி கருகிய வாடை வந்தது. கைப்பக்கத்துக்கென்று நான் குறித்து வைத்திருந்த இடத்தில், கரைக்கு ஒரு விரல்கடை மேலே, மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை.

கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் காட்டினேன். அவள் துணியை வாங்கிப் பார்த்தாள். திட்டவில்லை.

"போன்ல சொல்லாதீங்க. நேர்ல போங்க," என்றாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு முசரவாக்கம் போனேன். அந்தப் பெண்ணின் அப்பா வயலுக்குப் போயிருந்தார். அம்மாவும் பெண்ணும் இருந்தார்கள். துணியை மடியில் விரித்துக் காட்டி நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"கல்யாணத் துணியில நெருப்ப வெச்சிக்கினு வந்து நிக்கிறியேபா. நல்ல காரியம் நடக்கப் போற வூடு இது. நான் இன்னான்னு சொல்லுவேன் அவங்க வூட்டுக்கு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பெண் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"எப்டி பாய் விழுந்துச்சு?"

"இருமல் வந்துச்சும்மா."

"எவ்ளோ நாளா இருமல் இருக்குது?"

அவள் அம்மாவுக்கு இன்னும் கோபம் வந்தது. "ஏன்டி, உனக்கு இப்ப இதான் முக்கியமா?"

அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள். அழுகிறாள் என்று தெரிந்தது. எதைக் கொண்டு ஈடு செய்வது என்று தெரியாமல் நான் திரும்பி வந்தேன். அவள் அரசு ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறாள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து, டூட்டி முடிந்த கையோடு ஸ்கூட்டியில் தனியாக என் கடைக்கு வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. ரெண்டு கைக்கும் ஆரி ஒர்க் போட்டுவிடலாம், ஓட்டை விழுந்த இடத்தில் ஒரு சின்ன மாங்காய் டிசைன் வந்தால் மறைந்துவிடும், அம்மாவிடம் பேசிவிட்டேன் என்றாள். எனக்கு உயிர் வந்தது.

"நானே கூட உக்காந்து போட வெக்கிறேன்மா. ஒரு கண்ணுக்கும் தெரியாது," என்றேன். "புடவைக்கு நான் இன்னா தரணும்னும் சொல்லிடு."

"வர்ற செவ்வாக்கெழம காலைல ஆஸ்பத்திரிக்கு வரணும். நெஞ்சு ஓபிக்கு. ஊதிப் பாக்குற டெஸ்ட் ஒண்ணு இருக்குது."

"அதெல்லாம் எதுக்கும்மா? நான் புடவைக்குக் கேட்டேன்."

"நானும் புடவைக்குத்தான் சொல்றேன் பாய். அதான் தரணும்."

அவளைச் சமாதானப்படுத்தத்தான் போனேன். உடம்புக்கு ஏதாவது இருக்கும் என்ற நினைப்பு எனக்குத் துளியும் இல்லை. மூக்கில் ஒரு கிளிப்பைப் போட்டு, வாயில் ஒரு குழாயைக் கொடுத்து, "மூச்ச நல்லா இழுத்து ஒரே மூச்சா ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்றார்கள். முதல் தடவை பாதியில் இருமல் வந்தது. இரண்டாம் தடவை கண் இருட்டியது. மூன்றாம் தடவைதான் முழுசாக ஊதினேன். பலூன் ஊதுகிற அளவுக்குக்கூட என்னிடம் மூச்சு இல்லையா என்று ஆச்சரியமாக இருந்தது. எக்ஸ்ரேயும் எடுத்தார்கள்.

அந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். பெண் டாக்டர். என்னை மிரட்டப் போகிறார் என்று எதிர்பார்த்து, என் பக்கத்து நியாயங்களை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் மிரட்டவில்லை.

"எக்ஸ்ரேல கட்டி மாதிரி எதுவும் தெரியல. ஆனா மூச்சுக்குழாய் சுருங்க ஆரம்பிச்சிருக்கு. ரொம்பப் போகல. ஆரம்பம்."

"எங்க அத்தா எழுபத்தெட்டு வயசு வரைக்கும் பீடி புடிச்சாரும்மா. நல்லாத்தான் இருந்தார்," என்றேன்.

"இருந்திருப்பார். அப்படியும் சில பேர் இருக்காங்க. ஆனா நீங்க அவர மாதிரியா இல்லியான்னு முன்கூட்டியே சொல்ற டெஸ்ட் எதுவும் எங்கிட்ட இல்ல. இந்த டெஸ்ட் உங்களப் பத்தி மட்டும்தான் சொல்லுது."

"இவ்ளோ வருஷம் புடிச்சாச்சு. இனிமே விட்டா மட்டும் சரியாயிடுமா?"

அவர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். "போனது முழுசாத் திரும்பி வராது. அப்படி வரும்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். ஆனா இருக்கிறத காப்பாத்தலாம். இருமல் குறையும். மாரடைப்பு வர்ற ஆபத்து சீக்கிரமே இறங்க ஆரம்பிக்கும். புத்துநோய் ஆபத்து மெதுவா இறங்கும். ஒண்ணுமே இல்லாம ஆகாது, ஆனா பிடிச்சிக்கிட்டே இருக்கிறத விட எவ்வளவோ குறைவு."

ஒரு நாளைக்குப் பதினைந்து பிடிக்கிறேன், நாலாகக் குறைத்துக்கொள்கிறேன் என்று பேரம் பேசினேன். இதயத்தைக் கெடுக்க அந்த நாலே போதும் என்றார். போதாததற்கு, பதினைந்து பிடித்தவருக்கு நாலு ரொம்ப நாள் நாலாக நிற்காது என்றார். அதை நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, "நோன்பு வைப்பீங்களா?" என்று கேட்டார்.

"வெப்பேன்மா. ஒண்ணு விடமாட்டேன்."

"அப்ப வருஷத்துல முப்பது நாள் பகல் முழுக்கப் பிடிக்காம இருக்கீங்க. உங்களால முடியாதுன்னு நான் எப்படி நம்புறது?"

அதை அதற்கு முன் யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. நானும் யோசித்ததில்லை. நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்து பற்ற வைக்கிற அந்த முதல் சிகரெட்டுக்காகவே நான் சாயங்கால அசர் தொழுகையிலிருந்தே காத்துக்கொண்டிருப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை. ரமலான் பிறக்க மூன்று வாரம் இருந்தது. முதல் நோன்பிலிருந்து நிறுத்துவது என்று அந்த அறையிலேயே முடிவாயிற்று.

வீட்டில் சொன்னபோது மனைவி "சரி" என்று மட்டும் சொன்னாள். இதற்கு முன் அவள் பார்க்காத சபதமா. ஆனால் அந்த ரமலான் முழுக்க அவள் என்னிடம் பட்ட பாடு கொஞ்சமில்லை. பகலில் நான் ஒழுங்காக இருந்தேன். நோன்பு திறந்த பிறகுதான் பிசாசு பிடித்த மாதிரி ஆகிவிடுவேன். கஞ்சியில் உப்பு இல்லை என்று ஒரு நாள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன். உப்பு இருந்தது. அவள் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"இத நீங்க பேசலங்க. அது பேசுது. அது பேசி முடிக்கட்டும், அப்பறம் நீங்க சாப்புடுங்க."

அரைமணி நேரம் கழித்து அதே கஞ்சியைக் குடித்தேன். மஃரிப்புக்குப் பிறகு தினமும் என்னோடு நடக்க ஆரம்பித்தாள். சந்நிதித் தெரு முனை வரை போய்த் திரும்புவோம். கடை கடையாக சிகரெட் விற்கிற வழி அது. என்னைத் தனியாக அந்த வழியில் விடக்கூடாது என்றுதான் அவள் வந்தாள். அதை அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முட்டி வலியோடு வந்தாள்.

ஆசையை அடக்க டாக்டர் கொடுத்த நிகோடின் சூயிங்கத்தை, நோன்பு திறந்த பிறகு நான் வெற்றிலை மெல்லுவது போல மென்றேன். விக்கல் பிடித்துக்கொண்டது. ராத்திரி கடையில் ஒரு அம்மாவுக்குத் தோள் அளவு எடுக்கும்போது நான் விக்க, டேப் நகர, அவர் சிரிக்க, அளவை மூன்று தடவை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த நர்ஸ் பெண்ணிடம் போன் போட்டுக் கேட்டேன். "ரெண்டு கடி கடிச்சிட்டு கன்னத்துல ஒதுக்கி வைக்கணும் பாய். மென்னுகினே இருக்கக் கூடாது," என்றாள். அவளுக்கு அதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் கையில் போட்ட மாங்காயைப் பார்த்து எங்கே தைத்தது என்று கேட்டார்களாம். அவள் அம்மாவே என் கடைக்கு வழி சொன்னாராம்.

பெருநாளும் போயிற்று. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, என்னோடு ஒரே கடையில் தொழில் கற்ற தையல்காரர் ஒருவர் இறந்துபோனார். என்னைவிட இரண்டு வயது பெரியவர். சிகரெட்டைத் தொட்டதே கிடையாது. அடக்கம் முடிந்து வெளியே வந்து நின்றபோது பழைய கூட்டாளி ஒருவர் பெட்டியை நீட்டினார். பிடிக்காதவனும் போகிறான், பிடிக்கிறவனும் போகிறான், எதற்காக இந்தப் பாடு என்று தோன்றியது. ஒன்று பிடித்தேன். அது முடிவதற்குள் இரண்டாவதும் பிடித்தேன். தலை சுற்றியது. ருசியே இல்லை. ஆனாலும் மூன்றாவதற்குக் கை போயிற்று. அப்போதுதான் பயந்தேன். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெண்ணைத் தேடினேன்.

அவள் வராந்தாவில் வைத்தே நான் சொன்னதைக் கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நாப்பது நாள் வுட்டீங்க இல்ல?"

"எல்லாம் போச்சேம்மா."

"எங்க போச்சு? அந்த நாப்பது நாள் அப்படியேதான் இருக்குது. ரெண்டு புடிச்சீங்க. மூணாவது புடிக்காம இங்க வந்துட்டீங்க. மொதல்லந்து ஆரம்பிக்கணும்னு எவன் சொன்னான்?"

அந்தத் தையல்காரர் எதனால் போனார் தெரியுமா என்று கேட்டாள். சர்க்கரை, கிட்னி என்றேன். "அவருக்கு அது. அதுக்காக உங்க நெஞ்சுல இருக்குறது இல்லன்னு ஆயிடுமா பாய்?" என்றாள். என் பெண் வயது அவளுக்கு. பட்டில் நெருப்பைக் கொட்டினவனுக்கு நின்று பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு என்ன விதி? பத்து நிமிஷம் நின்று சொன்னாள். பிறகு வார்டில் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் பிடிக்கவில்லை. ஆசை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். டீக்கடையில் பக்கத்து ஆள் பற்ற வைக்கும்போது இப்போதும் மூக்கு அந்தப் பக்கம் போகும். கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வேன்.

ஒரு வருடம் கழித்து மறுபடியும் ஊதிப் பார்த்தார்கள். நான் பெரிய முன்னேற்றத்தை எதிர்பார்த்துப் போயிருந்தேன். கிட்டத்தட்ட முதல் வருடம் வந்த அளவேதான் வந்தது. என் முகம் வாடினதைப் பார்த்து டாக்டர் சிரித்தார். "குறையல பாருங்க. இதான் நல்ல சேதி," என்றார். இருமல் எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் மனைவிதான், "காலைல சத்தமே இல்ல, எழுந்துட்டீங்களா இல்லியான்னே தெரியல" என்றாள். புதுப் பட்டின் கஞ்சி வாசனை, மிஷினுக்கு விடுகிற எண்ணெயின் வாசனை, மழை பெய்தால் கடைக்கு எதிரே இருக்கும் சாக்கடையின் நாற்றம் எல்லாம் திரும்பி வந்தன. சாக்கடைக்கும் சேர்த்தே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

ஒவ்வொரு தொழுகையிலும் அந்தப் பெண்ணுக்காகவும் டாக்டருக்காகவும் துஆ கேட்கிறேன். மனைவிக்காகக் கேட்பது அதற்கும் முன்னால்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு திருமுக்கூடல் போயிருந்தேன். ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. அது வரைக்கும் மணலில் நடந்தோம். மணல் நடை லேசானதில்லை. கால் புதையும். நான் பேசிக்கொண்டே போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"கொஞ்சம் நில்லுங்க. எனக்கு மூச்சு வாங்குது."

திரும்பிப் பார்த்தேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மகள் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி அவளிடம் நடந்து போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தண்ணீர் வரைக்கும் போனோம். வேகமாகப் போக எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை.