டொமித்திலாவின் விதைக்கற்றாழை

மியவாத்லான் மலைச்சரிவில் கற்றாழைக்கு யாரும் விதை தேடுவதில்லை. தாய்ச்செடியின் காலடியில் முளைக்கிற பக்கக்கன்றைப் பெயர்த்து வரிசையாக நட்டால் போதும். எட்டு வருஷத்தில் அடித்தண்டு பருத்து வெட்டுக்கு வந்துவிடும், அதைச் சுட்டு மெஸ்கால் சாராயம் காய்ச்சலாம். நடுவில் பூந்தண்டு தலைகாட்டினால் மட்டும் உடனே வெட்டிவிட வேண்டும். விட்டால் செடி தன் இனிப்பையெல்லாம் பூவுக்குக் கொடுத்துவிட்டுச் செத்துப்போகும்.

அந்தத் தண்டுகளை வெட்டுவதில் டொமித்திலாவை மிஞ்ச ஆளில்லை. கணவன் அபுந்தியோ இறந்தபின் நிலத்தை அவளும் கொழுந்தன் ஃபிலோகோனியோவும் பாதிப்பாதியாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் இரண்டு பாதியிலும் தண்டு வெட்டியது அவள்தான். நாற்பத்தாறாம் வயதில் கழுதையிலிருந்து விழுந்து அவள் மணிக்கட்டு முறிந்தது. அந்த வருஷம் ஃபிலோகோனியோ அரிவாளை எடுத்தான். அவளுடைய பாதியில் பாறை விளிம்பில் நின்ற ஒன்பது செடிகளை மட்டும், ஏறிப் போகச் சோம்பல்பட்டு விட்டுவிட்டான்.

ஒன்பதும் இரண்டாள் உயரத்துக்குத் தண்டு விட்டன. கட்டுப்போட்ட கையோடு வேறு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த டொமித்திலா, பொழுது சாயும்போது வௌவால்கள் பூவுக்குப் பூ மூஞ்சியைப் புதைத்து மகரந்தம் அப்பிக்கொண்டு பறப்பதைத் தினமும் பார்த்தாள். பக்கத்து மலையின் காட்டுக்கற்றாழைப் பூவிலிருந்து வந்தவையும் அவற்றில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பூ உதிர்ந்ததும் தண்டின் கிளைகளில் விரல் நீளத்தில் குட்டிச் செடிகள் ஒட்டிக்கொண்டு முளைத்தன. அவள் ஆசையாகப் பறித்து நட்டுவைத்தாள். ஒரு வருஷம் போனபின்தான் உறைத்தது: இலையின் அகலம், முள்ளின் நிறம் எல்லாம் அச்சாகத் தாயேதான். வௌவால் கொண்டுவந்த மகரந்தம் அவற்றில் எந்த வேலையும் செய்திருக்கவில்லை. வேலை செய்திருந்தது காய்களில். அவற்றை உடைத்தபோது வெள்ளைச் சக்கைகளுக்கு நடுவே தட்டையான கறுப்பு விதைகள் இருந்தன. காட்டுக்கற்றாழையில் ஒரு வகை பக்கக்கன்றே விடாது. அதை விதை போட்டு வளர்த்துப் பழக்கம் இருந்ததால், இவற்றையும் மணலும் சாணமும் கலந்து நாற்றுவிட்டாள். நானூறுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறியது.

நாற்றுகளை வரிசையில் நட்டபோது ஃபிலோகோனியோ வேலியருகே வந்து நின்றான். ஒன்று குட்டை, ஒன்று சாம்பல் நிறம், ஒன்றில் முள் கோணல்.

"என்ன அண்ணி, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஜாடையா இருக்கு? அப்பன் யாருன்னே தெரியல."

"வௌவாலுக்குத் தெரியும், போய்க் கேளு."

அவனுடைய பாதியில் இரண்டாயிரம் செடிகள் அணிவகுப்பில் நிற்கிற போலீஸ்காரர்களைப் போல ஒரே உயரத்தில் நின்றன. அவளுடையது நாலாம் வருஷமும் ஒழுங்குக்கு வரவில்லை. ஊரில் சிரித்தார்கள். அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. பத்து வரிசையைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

ஐந்தாம் வருஷ மழையில் கூன்வண்டு வந்தது. அது துளைத்த ஓட்டை வழியாக அழுகல் இறங்கியது. ஃபிலோகோனியோவின் முதல் செடி சரிந்து, இரண்டு மாதத்தில் கடைசிச் செடியும் சரிந்தது. மருந்தடித்தான், குழி வெட்டித் தடுத்தான், பாதிரியாரைக் கூப்பிட்டு ஜெபிக்கவைத்தான். ஒன்றும் மிஞ்சவில்லை. வேலி தாண்டி டொமித்திலாவின் பக்கமும் அழுகல் வந்தது. பழைய கன்றுச்செடிகள் அத்தனையும் போயின. விதைச்செடிகளிலும் முந்நூறுக்கு மேல் போயின. அவள் தினமும் காலையில் போய்ச் சரிந்ததைத் தோண்டி எரித்தாள். மழை ஓய்ந்தபோது நாற்பத்தொன்று நின்றன. சிலவற்றில் வண்டு துளைத்த தழும்பு இருந்தது, ஆனால் அதற்கு மேல் அழுகல் இறங்கவில்லை.

ஃபிலோகோனியோ ஒருவாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு வந்து அவள் அடுப்படியில் உட்கார்ந்தான். சோள ரொட்டியும் அவரையும் வைத்தாள். அவன் தொடவில்லை.

"ரெண்டாயிரம் அண்ணி. ஒண்ணாவது நின்னிருக்கக் கூடாதா?"

"உன்கிட்ட இருந்தது ரெண்டாயிரம் இல்ல தம்பி. ஒரே செடி, ரெண்டாயிரம் இடத்துல நின்னுச்சு. அது தாங்கலைன்னா ஒண்ணுமே தாங்காது."

"உன்னோடதும் பத்துக்கு ஒம்பது போச்சே."

"போச்சு. ஒவ்வொண்ணும் வேற வேற. எது தாங்கும்னு எனக்கும் தெரியாது. நின்னதப் பாத்துத்தான் தெரிஞ்சுது."

அவன் மறுபடி விதை போடலாமா என்று கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். விதை போட்டால் மறுபடியும் கலப்படம்தான் வரும். தாங்குகிற குணம் அதில் எத்தனைக்கு இறங்கும் என்று சொல்ல முடியாது. நின்ற நாற்பத்தொன்றும் பக்கக்கன்று விட ஆரம்பித்திருந்தன. அவற்றைப் பெயர்த்து நடச் சொன்னாள். அது தாயின் உடம்பேதான், ஏமாற்றாது. ஆனால் ஒரே தாயின் கன்றை வைத்து ஒரு வயலை நிரப்பக் கூடாது, நாளைக்கு வேறொரு நோய் வந்தால் புது விதை கையில் இருக்க வரிசைக்கு ஒரு செடியைப் பூக்க விடவேண்டும் என்று நிபந்தனை போட்டாள்.

"பூக்கவிட்டா மெஸ்கால் போச்சே" என்று அவன் முனகினான். அவள் ரொட்டித் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். இந்தமுறை சாப்பிட்டான்.

எட்டாம் வருஷம் வெட்டிச் சுட்டுப் பார்த்தபோது நாற்பத்தொன்றில் பதினாறு தாய்க்கு இனிப்பே இல்லை. அவற்றின் கன்றுகளைப் பிடுங்கி எறிந்தாள். இருபத்தைந்து தாயின் கன்றுகள் இன்றைக்கு இரண்டு பாதியிலும் கலந்து நிற்கின்றன. டொமித்திலாவுக்கு இப்போது அறுபது வயது. பூந்தண்டு வெட்டும் பருவத்தில் எந்தச் செடியை விடுவது என்று இரண்டு பேருக்கும் வருஷாவருஷம் சண்டை வருகிறது. போன வருஷம் அவன் தானாகவே மூன்றை விட்டுவைத்திருந்தான். அதில் இரண்டு தவறான செடி என்று அவள் அவனைத் திட்டினாள்.