கைமீட்டர் வியாகுலமும் நாலு கெபாசிட்டரும்

காரைக்குடியில் மோட்டாருக்குக் காயில் என்கிற செம்புக் கம்பிச் சுருள் கட்டுகிற கடை ஒன்பது இருக்கிறது. எட்டுக் கடையில் மீட்டர் வைத்திருக்கிறார்கள். ஒன்பதாவது கடையில் வியாகுலம் இருக்கிறார்.

மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் பள்ளிக்கூடம் அவரைத் தாங்கியது. அதற்குப் பிறகு மதுரையில் ஒரு கடையில், எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துச் செம்புக் கம்பியைச் சுரண்டி எடுக்கிற வேலை. பதினோரு வருஷம் சுரண்டினார். பன்னிரண்டாம் வருஷம் சொந்தக் கடைக்குப் பூட்டு வாங்கினார். யாரும் அவரைக் கைதூக்கி விடவில்லை, அவரும் யார் காலையும் பிடிக்கவில்லை. பிடித்ததெல்லாம் வயரைத்தான். ஓடுகிற மோட்டாரின் வயரை இரண்டு நிமிஷம் உள்ளங்கையில் பொத்திப் பிடிப்பார். சூட்டை வைத்தே இத்தனை ஆம்பியர் என்று சொல்லிவிடுவார். அப்புறம் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்று முன்னே பின்னே இருக்கும். அந்த ஒன்றும் மீட்டரின் தப்பு என்பது அவர் கட்சி.

ஊர் அவருக்குக் 'கைமீட்டர்' என்று பேர் வைத்தது சும்மா இல்லை. தெருவில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தடவை பழக்க தோஷத்தில், "பதினெட்டு ஆம்பியர் இருக்கு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கிறார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனின் பேருக்குத்தான் சாக்கோட்டையில் ஆபத்து வந்தது.

அங்கே நாகவல்லி மாவு மில் வைத்திருக்கிறாள். மாவுக்கு ஒரு மோட்டார், மிளகாய்க்கு ஒரு மோட்டார். மாவு மோட்டார் புகைந்துபோக, வியாகுலம் புதுக் காயில் கட்டிக் கொடுத்தார். கட்டிக் கொடுத்த மறுவாரமே மில்லின் மெயின் பியூஸ் போக ஆரம்பித்தது. முகூர்த்த மாசம். தேன்குழலுக்கும் அதிரசத்துக்கும் மாவு அரைக்கப் பெண்கள் வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். நாகவல்லி வியாகுலத்தைக் கூப்பிடவில்லை. அவருடைய மூத்த மருமகள் பெல்சியைக் கூப்பிட்டாள். பெல்சி டிப்ளமா படித்தவள், எலக்ட்ரிக்கல் கம்பெனி ஒன்றில் வேலை. அவள் வந்து, மீட்டர் பலகைக்கும் மாவு மோட்டாருக்கும் நடுவில் சுவரில் ஒரு கெபாசிட்டர் பெட்டியை மாட்டினாள். அதோடு பியூஸ் போவது நின்றது.

நின்றதோடு விட்டிருக்கலாம். மாமனார் கெடுத்ததை மருமகள் சரி பண்ணிவிட்டாள் என்று நாகவல்லி வரிசை முழுக்கக் கேட்கச் சொன்னாள். மாவு வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் அந்தப் பேச்சு காரைக்குடி போய்ச் சேர்ந்தது. ஆறு மோட்டாரைக் கட்டக் கொடுப்பதாக இருந்த ரைஸ்மில் ராமநாதன், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். நாற்பது வருஷப் பேர் ஒரு தகரப் பெட்டியிடம் தோற்பதா?

மறுநாள் காலை பத்து மணிக்கு வியாகுலம் மில்லில் நின்றார். வற்புறுத்திக் கூட்டி வந்த பெல்சியும் பின்னால் நின்றாள். மாவு மோட்டார் மட்டும் ஓடியது. பலகை மீட்டரில் முள் பதினாறில் நின்றது.

"போன வாரம் இதே மோட்டாரு இருவது காட்டுச்சுண்ணே," என்றாள் நாகவல்லி. "பெட்டி வச்சதும் பதினாறு. அப்ப அந்த நாலும் ஒங்க கட்டுலதான வெட்டியாப் போச்சு?"

"ஏங் கட்டுல குத்தம்னு காட்டு, கடைப் போர்டைக் கழட்டி ஒனக்கு அடுப்பெரிக்கத் தாரேன்."

"அது தகர போர்டுண்ணே. எரியாது."

வரிசை சிரித்தது. வியாகுலம் பலகையிலிருந்து பெட்டிக்கு வருகிற வயரைப் பொத்திப் பிடித்தார். இரண்டு நிமிஷம். பதினாறு. பிழைப்புத் தொடங்கிய நாளிலிருந்து தன் கை தப்பாகச் சொல்ல வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது அன்றைக்குத்தான். கை அசைந்து கொடுக்கவில்லை. படித்தவன் புத்தகத்தை மூடிவிட்டு யோசிக்கலாம். பட்டவன் கையை எங்கே கொண்டுபோய் மூடுவது?

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகிற வயரையும் பிடித்தார். ஒரு நிமிஷம் ஆனது. முகம் மாறியது. இன்னொரு நிமிஷமும் பிடித்தார்.

"இருவது," என்றார்.

நாலு அடி தூரத்தில் நாலு ஆம்பியர் எப்படிக் கூடும், அண்ணனின் கைக்கு ரிட்டயர்மெண்ட் வயசாகிவிட்டது என்று நாகவல்லி வரிசையிடம் சொன்னாள். பெல்சி, வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டுகிற டாங் டெஸ்டரை எடுத்து அந்த வயரில் கவ்வ விட்டாள். இருபது. பெட்டிக்கு முன்னால் இருந்த வயரில் கவ்வ விட்டாள். பதினாறு. வரிசை வாளியைக் கீழே வைத்துவிட்டு நெருங்கி வந்தது.

"மாமா சொல்றது சரிதான்க்கா," என்றாள் பெல்சி. "மோட்டாரு கல்யாண வீடு மாதிரி. அரிசி பருப்பும் வேணும், அண்டா குண்டாவும் வேணும். அரிசி செலவாகிரும். அண்டா வெறுமனே வந்துட்டுத் திரும்பிப் போகும். இத்தனை நாளு அந்த அண்டாவெல்லாம் நமக்குக் கரண்டு வர்ற அரியக்குடியில இருந்து வண்டியில வந்துட்டுப் போச்சு. நான் வச்ச பெட்டி பக்கத்து வீடு. அண்டாவை அங்க எரவல் வாங்கிக்கிட்டா ரோட்டுல வண்டி கொறையும். அடுப்படியில அண்டா கொறையாது."

ஆக, மோட்டார் அன்றைக்கும் இருபதுதான் இழுத்தது, இன்றைக்கும் இருபதுதான் இழுக்கிறது. பெட்டி அதைத் தொடவே இல்லை. பலகையிலிருந்து வருகிற வழிக்குத்தான் சுமை குறைந்தது. அப்படியானால் பியூஸ் ஏன் போனது என்று வரிசையில் ஒருத்தி கேட்டாள். முகூர்த்த அவசரத்தில் அந்த வாரத்திலிருந்துதான் இரண்டு மோட்டாரையும் ஒரே நேரத்தில் ஓட்டுவதாக நாகவல்லி ஒத்துக்கொண்டாள். கட்டில் குற்றமில்லை என்றும் அதே வரிசை கேட்கச் சொன்னாள்.

அந்த நிமிஷமே வியாகுலம் வீட்டுக்குப் போயிருந்தால் கதை முழு வெற்றியாக முடிந்திருக்கும். ஆனால் ஜெயித்த மனுஷன் சும்மா வீட்டுக்குப் போனதாக எந்த ஊரில் சரித்திரம் இருக்கிறது? ஒரு பெட்டி நாலு ஆம்பியரைக் குறைத்தால் நாலு பெட்டி பதினாறைக் குறைக்கும், இருபது ஆம்பியர் நாலுக்கு வந்து நிற்கும் என்று அவர் அறிவித்தார். மூன்றாம் வகுப்புக் கணக்கு. கூட்டல் கழித்தலில் ஒரு தப்பும் இல்லை. மூடிப்போன நூல்மில்லில் வாங்கிய இதே அளவுப் பெட்டி மூன்று தன் கடையில் தூங்குகிறது என்றார். வேண்டாம் மாமா என்று பெல்சி இரண்டு தடவை சொன்னாள். பெட்டி மூன்றும் டூவீலரில் வந்து சேர்ந்தன.

ஒவ்வொரு தடவையும் மோட்டாரை நிறுத்திப் பெட்டியைச் சேர்த்து ஓட்டினார். இரண்டாவது பெட்டிக்குப் பலகை முள் பதினாலுக்கு இறங்கியது. பன்னிரண்டு வர வேண்டாமா? புதுப் பெட்டி, போகப் போக வேகம் பிடிக்கும் என்றார். மூன்றாவதற்குப் பதினைந்தரைக்கு ஏறியது. வியாகுலம் மீட்டரை விரலால் தட்டினார். நாலாவதற்கு முள் இருபதிலேயே போய்க் குந்திக்கொண்டது.

"பக்கத்து வீட்டுல அண்டா மிஞ்சிப்போச்சு மாமா," என்றாள் பெல்சி, மெதுவாக. "மிஞ்சினதை அரியக்குடிக்கு அனுப்பி அனுப்பி வாங்குறோம். திரும்பவும் ரோடு நெறைய வண்டி."

பலகை வயரை வியாகுலம் பொத்திப் பிடித்தார். மீட்டர் பழுது என்று சொல்லிவிட்டால் நம்புவதற்கு அங்கே பாதிப் பேர் தயாராக இருந்தார்கள். 

"இருவதுதான்," என்றார்.

நாகவல்லி சிரிக்கவில்லை. தனக்கு எதிராகவே சாட்சி சொல்கிற கையை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். வியாகுலம் மோட்டாரை நிறுத்தி, நிறுத்திய பிறகும் கரண்டை உள்ளே வைத்துக்கொண்டு கடிக்கிற சாமான் என்பதால் கொஞ்ச நேரம் பொறுத்து, மூன்று பெட்டியையும் தானே கழற்றினார். டூவீலரில் வைத்துக் கட்டும்போது நாகவல்லி வாசலுக்கு வந்தாள்.

"ராமநாதன் அண்ணனுக்கு நானே போன் போட்டுச் சொல்லிர்றேன். முகூர்த்தம் முடிஞ்சதும் மிளகா மோட்டாரையும் நீங்கதான் கட்டிக் குடுக்கணும். கட்டுறதோட நிறுத்திக்கங்க. பெட்டி கிட்டின்னு எதையும் தூக்கிட்டு வந்துறாதீக."