ஆளிவிதை தின்ற கட்லா

எருத்தேன்பதியில் எங்கள் பேருந்துக்கு டயர் மாற்றுகிறார்கள். எதிர்த் தோட்டத்து மீன்குட்டையைச் சுற்றி ஒரே கூட்டம், நானும் இறங்கிப் போகிறேன். கரையில் அரிவாள்மணையோடு உட்கார்ந்திருக்கும் சரசக்காதான் குட்டைக்குச் சொந்தக்காரி. துள்ளுகிற கட்லா ஒன்றை எடுத்து வயிற்றைக் கிழித்து, எல்லோருக்கும் தெரிய விரித்துக் காட்டுகிறார்.

"நல்லாப் பாத்துக்குங்க. கொழுப்புக் கட்டி இருக்குதுங்களா?"

இல்லை. மீன் வயிற்றில் கொழுப்பை ஏன் தேடவேண்டும் என்று அவரிடமே கேட்கிறேன்.

"போன வருசம் மாட்டுக்கு வெக்கற தவுட்டையும் கடலைப்புண்ணாக்கையுமே மீனுக்கும் அள்ளிப் போட்டனுங்க. கொழுகொழுன்னு வந்துது. அறுத்தா வகுறு பூராக் கொழுப்புக் கட்டி! லேபுல குடுத்தா, மீன்ல இருக்கவேண்டிய நல்ல கொழுப்பு இதுல கம்மின்னுட்டாங்க. இந்த வருசம் தவுட்டக் கொறச்சு, அந்த நல்ல கொழுப்பு இருக்கற ஆளிவெதைப் புண்ணாக்குப் போட்டனுங்க. ஊரே சிரிச்சுதுங்க."

மடியிலிருந்து இந்த வருட ரிப்போர்ட்டை எடுக்கிறார். ஈரக்கை பட்டுப் பட்டு ஓரம் நைந்திருக்கிறது. இதுவரை எத்தனை பேருக்குக் காட்டினாரோ!

"நல்ல கொழுப்பு ஏறிப்போச்சுங்க. படிச்சுப் பாருங்க!"

படிக்கிறேன். ஏறித்தான் இருக்கிறது.

மீன் வாங்கும் வரிசையில் முதல் ஆளாகப் பாத்திரத்தோடு நிற்பவர் பக்கத்துத் தோட்டத்துப் பழனியப்பன். அவர் குனிந்து மெல்லக் கேட்கிறார்:

"ஏனம்மிணி, அந்தப் புண்ணாக்கு எங்க கெடைக்குது?"

"சத்தமாக் கேளுங்கண்ணா! நீங்க சிரிச்சப்ப ஊருக்கே கேட்டுதல்லங்க?"

பழனியப்பன் கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார். பிறகு, சத்தமாகவே கேட்கிறார்.