சனிக்கிழமை மீட்டிங்

நித்யா, கோபி, நீங்கள் இரண்டு பேரும் பெரியவர்களாகிவிட்டீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் அப்பா எங்கே போகிறார் என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பார்த்தது நித்யாதான். "அப்பா, உன் கண்ணு மஞ்சளா கீது" என்றாள். அப்போது மூன்றாவது படித்தாள். வெயிலில் வந்ததால் அப்படி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த வாரமே கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் பக்கத்தில் வாந்தி எடுத்து விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆல்கஹாலிக் ஹெபடைடிஸ் (குடியால் கல்லீரல் வீங்கிப்போவது) என்றார்கள். குடி நின்றதும் வித்ட்ராயல் (பழகிய உடம்புக்குச் சாராயம் கிடைக்காதபோது வரும் நடுக்கமும் குழப்பமும்) வந்தது. போர்வை மேல் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தேனாம். உங்கள் அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, "மருந்து உடம்பைத்தான் சரி பண்ணும். ஸ்ரீபெரும்புதூர்ல மீட்டிங் நடக்குது. விடாம போங்க" என்றார். சர்ச் பள்ளிக்கூடம் என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

மண்ணூரிலிருந்து பஸ் ஏறிப் போய், டீக்கடையில் மீட்டிங் எங்கே என்று கேட்டேன். எந்தக் கட்சி என்றார் கடைக்காரர். கட்சி இல்லை என்றதும், "அப்போ பிரியாணி கெடையாதா?" என்று பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். எங்கேயும் போர்டு இல்லை. தேடிவிட்டுத் திரும்பினேன். அடுத்த தடவையும் அப்படித்தான். கடைசியில் சர்ச் வாட்ச்மேனிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"குடிகாரங்க கிளாஸா? அதுக்கு இன்னாத்துக்கு மென்னு முழுங்குற? பின்னாடி அஞ்சாங்கிளாஸ் ரூமு, போ."

தேடுகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். மென்று முழுங்காமல் கேளுங்கள். யாருக்காவது தெரிந்திருக்கும்.

சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் பெரிய ஆட்கள் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லாரி ஓட்டும் மாசிலாமணி அண்ணன் எழுந்து, "என் பேர் மாசிலாமணி. நான் ஒரு குடிநோயாளி" என்றார். எல்லோரும் சேர்ந்து, "வணக்கம் மாசிலாமணி" என்றார்கள். யார் சொன்னாலும் பதிலுக்கு வணக்கம் வரும். அங்கே அது முறை. எனக்கு அன்று வாய் வரவில்லை. அடுத்த வாரம் சொன்னேன். "வணக்கம் ஏகாம்பரம்" என்றார்கள். என் பேருக்கு யாரும் வணக்கம் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது.

அதன் பிறகு சனிக்கிழமை ஓ.டி. (ஷிப்டுக்கு மேல் பார்க்கும் கூடுதல் வேலை) பார்ப்பதை விட்டேன். ஏன் என்று கேட்ட சூப்பர்வைசர் தனசேகரிடம், "மீட்டிங் கீது சார்" என்றேன். யோசிக்காமல் சொன்ன வார்த்தை. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில், தொழிலாளி சாயங்காலம் மீட்டிங் போகிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சங்கம். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஹெச்.ஆர். ஆபீசர் கூப்பிட்டார். தனசேகரும் நின்றிருந்தார். எந்த மீட்டிங், யார் யார் வருகிறார்கள் என்று பேர் கேட்டார் ஆபீசர். வருகிறவர்கள் பேரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. மாசிலாமணி அண்ணன் பேரை இங்கே எழுதியதும் அவரைக் கேட்டுவிட்டுத்தான். நான் வாயை மூடிக்கொண்டதும் அவருக்குச் சந்தேகமே போய்விட்டது. சங்கம்தான் என்று முடிவு செய்துவிட்டார். இனிமேல் சனிக்கிழமை ஓ.டி. கட்டாயம், முடியாதென்றால் வேலையை விட்டு நின்றுகொள் என்றார்.

மீட்டிங் போகாவிட்டால் குடித்துவிடுவேன். போனால் வேலை இல்லை. உண்மையைச் சொன்னாலோ, குடிகாரனை எந்தக் கம்பெனி நிரந்தரமாக்கும்? நேராக நின்றேன்.

"என் பேர் ஏகாம்பரம். நான் ஒரு குடிநோயாளி."

சொல்லிவிட்டு, பழக்கத்தில் வணக்கத்துக்காகக் காத்திருந்தேன். ஏ.சி. ஓடும் சத்தம்தான் கேட்டது.

"அப்போ சங்கம் இல்லியா?" என்றார் ஆபீசர்.

"இல்ல சார். குடியை வுட்டவங்க, வுடப் பாக்குறவங்க கூடுற எடம் சார்."

அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குடிகாரன் என்றால் அவருக்குப் பரவாயில்லை, சங்கக்காரன் என்றால்தான் பயம். சனிக்கிழமையை எனக்கு விட்டுக்கொடுத்தார். பிரஸ்ஸிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார். நிரந்தரத்தைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார். அந்த அப்புறம் வர ரொம்பக் காலம் பிடித்தது.

மறுநாள் கேன்டீன் முழுக்கத் தெரிந்திருந்தது. "இன்னா ஏகா, கட்டிங்கு போய் மீட்டிங்கு வந்துச்சா?" என்றான், முன்பு என்னோடு பிராந்திக் கடைக்கு வந்து கட்டிங் (ஒரு குவார்ட்டரில் பாதி) போடும் பாபு. சிரிப்பு அடங்கும் வரை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "ஆமாண்டா, நீயும் வா" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். அந்த அறையின் ரோட்டுப் பக்க ஜன்னலை நாங்கள் திறப்பதில்லை. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார் என்ற பயம். அன்று திறந்தேன். ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. முன்பெல்லாம் எனக்கு ஷிப்ட் முடிந்தால் கடை, கடைக்குப் பிறகு மறுநாள் காலை. நடுவில் இவ்வளவு பெரிய சாயங்காலம் இருந்திருக்கிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் போகிறவர்களுக்கு முகம் தெரியும்படி நின்றேன். பசித்தது. வெறும் சோற்றுப் பசி.

வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. என் முகத்தை நான் காட்டலாம். அவருடையதைக் காட்ட எனக்கு உரிமையில்லை. ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன்.